வாளவரை லெக்டின் பளிங்கு: 622 சமச்சீர் உண்மையானதா, இரட்டைப் பளிங்கால் தோன்றியதா?

நல்லூர்மாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வாளவரை விதையிலிருந்து பிரித்தெடுத்த, சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் புரதத்தை ஒரு சர்க்கரையுடன் சேர்த்து, பிஎச் 5 அளவில், அறுகோணப் பட்டகங்களாக வளர்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலுள்ள எமது ஆய்வுகூடத்தில் தூய்மையாக்கலும் பளிங்காக்கலும் வரைதான் செய்ய முடியும். இலங்கையில் சின்க்ரோட்ரோன் (வலிய எக்ஸ் கதிர் தரும் முடுக்கி) இல்லையாதலால், பளிங்குகள் திரவ நைதரசனில் உறைந்தபடி வெளிநாட்டுக்குச் செல்ல, தரவு மட்டும் இணையம் வழியாக எம்மிடம் திரும்பி வருகிறது.

வந்த தரவின் பிரிதிறன் 2.0 ஆங்ஸ்ட்ரொம். அலகுக் கலம் அறுகோணம். பக்கங்கள் 68, 68, 100 ஆங்ஸ்ட்ரொம். அளவீட்டு நிலையத்தின் தானியங்கி மென்பொருள் அதனை 622 சமச்சீரில் (ஓர் ஆறுமடி அச்சும் அதற்குச் செங்குத்தான இரு வகை இருமடி அச்சுகளும்) ஒன்றிணைத்துத் தந்திருக்கிறது. சீ அச்சு வழியான 00எல் வரிசையில், எல் மூன்றின் மடங்காக இருக்கும் தெறிப்புகள் (கோணற் புள்ளிகள்) மட்டுமே தெரிகின்றன. ஆகவே வெளிக் கூட்டம் (பளிங்கின் முழுச் சமச்சீர்) பி 6₂22 அல்லது பி 6₄22 என்று எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே அறியப்பட்ட, இவ்வகை லெக்டினான கொன்கனவலின் ஏ அமைப்பை மாதிரியாக வைத்து மூலக்கூற்றுப் பதிலீடு (மாதிரியைக் கலத்தினுள் சுழற்றியும் நகர்த்தியும் பொருத்துவது) செய்தேன். சுழற்சித் தீர்வு தெளிவாகக் கிடைக்கிறது. ஆனால் மூலக்கூறுகளை இடத்தில் வைத்தவுடன் அவை ஒன்றினுள் ஒன்று புகுந்துவிடுகின்றன.

செறிவுப் புள்ளிவிபரத்தைப் பார்த்தபோது, மையமற்ற தெறிப்புகளுக்கான இரண்டாம் திருப்பம் 1.53 ஆகவும், எல் சோதனையின் சராசரி 0.38 ஆகவும் இருந்தன. இது முழு இரட்டைப் பளிங்கா? அப்படியானால் எந்த வெளிக் கூட்டத்துக்கு இறங்க வேண்டும்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, இத்தரவில் தெரியக்கூடிய சர்க்கரையை நம்பலாமா?

கதிர்வலை

தங்கச்சி, புள்ளிவிபரத்துக்கு முன்னர் ஒரு சாதாரண வகுத்தலைச் செய்து பாருங்கள். உங்கள் கலத்தின் கனவளவு ஏறத்தாழ 4,00,000 கன ஆங்ஸ்ட்ரொம். 622 சமச்சீரில் கலத்துக்குப் பன்னிரண்டு சமச்சீரற்ற அலகுகள் (சமச்சீரால் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதிகள்) உண்டு. உங்கள் உபஅலகின் திணிவு 25,600 டால்டன் அளவிலிருக்கும். வகுத்தால் ஒரு டால்டனுக்கு 1.3 கன ஆங்ஸ்ட்ரொம்தான் கிடைக்கிறது. புரதப் பளிங்குகளுக்கு மத்தியூஸ் 1968 இல் தொகுத்துக் காட்டிய வீச்சு ஏறத்தாழ 1.7 முதல் 3.5 வரையிலானது, 1.3 என்றால் பளிங்கில் நீருக்கு ஆறு சதவீத இடங்கூட இல்லை. ஒரு புரதப் பளிங்கு அவ்வாறு இருக்க முடியாது. கலத்தில் பன்னிரண்டுக்குப் பதிலாக ஆறு உபஅலகுகள் மட்டும் இருந்தால் 2.6 வரும், நீர்ப்பங்கு 53 சதவீதமாகும். அது முற்றிலும் இயல்பானது. ஆகவே 622 இல் உள்ள செயலிகளில் (பளிங்கைத் தன்மீதே பொருத்தும் சுழற்சிகளில்) பாதியாவது பளிங்குக்குச் சொந்தமானவை அல்ல. மூலக்கூறுகள் மோதிக்கொள்வதன் காரணமும் இதுவே.

எந்தப் பாதி சொந்தம் என்பதுதான் கடினமான கேள்வி. 622 இலிருந்து ஒரு படி இறங்கினால் 6, 321, 312 என மூன்று வழிகள் பிரிகின்றன. இன்னொரு படி இறங்கினால் மூன்றும் 3 இல் சந்திக்கின்றன. உங்கள் 00எல் வரிசையைப் பொறுத்தவரை பி 6₂, பி 6₄, பி 3₁21, பி 3₂21, பி 3₁12, பி 3₂12, பி 3₁, பி 3₂ ஆகிய எட்டும் ஒரே விடையைத்தான் தரும். சீ அச்சுக்குச் செங்குத்தான இரட்டைச் செயலி அந்த வரிசையைத் தன்மீதே திருப்பிவிடுவதால் அங்கிருந்து மேலதிகமாக எதுவும் அறிய முடியாது.

அதற்குள் இறங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: உங்களுக்கு வந்த கோப்பு ஒரேயொரு பளிங்கிலிருந்து பெறப்பட்டதா, அல்லது பல பளிங்குகளின் தரவு சேர்க்கப்பட்டதா?

கொக்குவில் பௌதிகம்

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். புரதங்கள் எனது துறையல்ல. ஆனாலும் எக்ஸ் கதிர்க் கோணலைப் பாடத்தில் தொட்டுச் செல்பவன் என்ற முறையில் இரண்டு ஐயங்களைக் கேட்கலாமா? முதலாவது, இரட்டைப் பளிங்கு என்றால் ஒட்டிப் பிறந்த இரண்டு பளிங்குகள்தானே. அவை இரண்டு வேறு புள்ளிக் கோலங்களைத் தராமல் ஒன்றையே தருவது எப்படி? இரண்டாவது, 1.53 என்ற எண்ணைக் கண்டவுடன் எல்லோரும் ஏன் நோயைக் கண்டதுபோல் பேசுகிறீர்கள்?

வடமராட்சியான்

சேர், ஓலைப் பாய் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பின்னற் கட்டங்கள் ஓரத்திலிருந்து ஓரம்வரை பிசகாமல் தொடர்கின்றன. ஆனால் பாதிக்கு அப்பால் சாய ஓலையின் கோலம் மட்டும் திரும்பி நிற்கிறது. கட்டம் சாலகம், கோலம் மூலக்கூறு. கோணற் புள்ளிகள் எங்கே விழும் என்பதைச் சாலகம் தீர்மானிக்கிறது. அவை எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை மூலக்கூறு தீர்மானிக்கிறது. சாலகம் தொடர்வதால் இரண்டு பகுதிகளின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுகின்றன, படத்தைப் பார்த்து எவரும் குற்றஞ்சொல்ல முடியாது. ஒட்டிப் பிறந்ததைக் கண்ணால் காணக்கூடிய வேறு வகை இரட்டைகளும் உண்டு. அவற்றில் புள்ளிகள் பிரிந்தே விழுவதால் ஆபத்துக் குறைவு. கனிமங்களில் இது பழைய கதைதான். படிகக்கல்லில் தோபினே இரட்டை எனப்படுவது, ஒரு பகுதி மற்றையதிலிருந்து சீ அச்சைச் சுற்றி 180 பாகை திரும்பி நிற்பதே. எங்கள் வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில், அம்பன் பக்கத்து வெள்ளை மணலும் பெரும்பாலும் படிகக்கல்தான் என்பதால், அதை அள்ளிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதுண்டு.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். ஒழுங்கான பளிங்கொன்றில் சில தெறிப்புகள் மிக வலியனவாகவும் பல மிக மெலியனவாகவும் இருக்கும். வில்சன் 1949 இல் தந்த பரம்பலின்படி, மையமற்ற தெறிப்புகளின் செறிவு வர்க்கத்தின் சராசரியை, சராசரிச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தால் 2 வரும். இரட்டைப் பளிங்கில் ஒவ்வொரு புள்ளியும் தொடர்பற்ற இரண்டு செறிவுகளின் கூட்டாகிவிடுகிறது. வலியதும் மெலியதும் கலந்து நடுத்தரமாவதால் பரம்பல் சுருங்குகிறது; இரண்டு பகுதிகளும் சமமாயின் அந்த எண் 1.5 ஆகிறது. இங்கே கூடுவன செறிவுகள், வீச்சங்கள் அல்ல. இரு பகுதிகளிலிருந்தும் வரும் அலைகளுக்கிடையில் நிலையான தலையீடு இல்லை என்பதே அதன் பொருள். பங்குகள் சமமற்றவையாயின், ஒவ்வொரு பங்கின் வர்க்கத்தையும் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் எதிர்பார்க்க வேண்டிய எண் கிடைக்கும்.

பாடிலாவும் யேற்சும் 2003 இல் அறிமுகப்படுத்திய எல் சோதனை இன்னும் நுட்பமானது. அருகருகே உள்ள இரண்டு தெறிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, அதன் பருமனைச் சராசரிப்படுத்துகிறது. ஒழுங்கான பளிங்குக்கு 0.5, முழு இரட்டைக்கு 0.375. அயலில் உள்ளவற்றையே ஒப்பிடுவதால், திசைக்குத் திசை தரவின் வலிமை மாறுவதும், மூலக்கூறுகள் இடப்பெயர்ச்சியால் மட்டும் வேறுபட்டு அடுக்கப்பட்டிருப்பதும் இதனை அதிகம் குழப்புவதில்லை. இரண்டாம் திருப்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை: அத்தகைய இடப்பெயர்ச்சி அடுக்கு இருந்தால் எண் 2 ஐத் தாண்டி ஏறும், உள்ளே இரட்டைத்தன்மை இருந்தாலும் அதை ஈடுசெய்து மறைத்துவிடும்.

நல்லூர்மாலை

கதிர்வலை அண்ணா, உங்கள் கேள்விக்கு விடை தேடி அளவீட்டு நிலையத்தின் பதிவுக் கோப்புகளை வாசித்தேன். தரவு இரண்டு பளிங்குகளிலிருந்து வந்தது. தானியங்கி மென்பொருள் இரண்டையும் 622 இலேயே சேர்த்திருக்கிறது. மூலப் படங்களைத் தரவிறக்க எமது இணைய வேகத்தில் ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, 3 சமச்சீரில் மட்டும் ஒன்றிணைத்தேன்.

முதற் பளிங்கில் இரண்டாம் திருப்பம் 1.74, எல் சராசரி 0.42. இரண்டாவதிலும் ஏறத்தாழ அவையே. அதாவது, தனியே பார்த்தால் எதுவும் முழு இரட்டை அல்ல! சேர்த்தபின் மட்டும் ஏன் 1.53 ஆனது?

கதிர்வலை

இதைத்தான் எதிர்பார்த்தேன். 6, 321, 3 போன்ற கூட்டங்களில் சாலகத்தின் சமச்சீர் உள்ளடக்கத்தின் சமச்சீரைவிட உயர்ந்தது. ஆகவே அச்சுகளுக்குப் பெயரிட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. மென்பொருள் ஒவ்வொரு பளிங்குக்கும் அவற்றுள் ஒன்றைத் தற்செயலாகத் தெரிவுசெய்கிறது. முதற் பளிங்கு ஒரு விதமாகவும் இரண்டாவது மறு விதமாகவும் பெயரிடப்பட்டு, அப்படியே சேர்க்கப்பட்டால், பளிங்கில் இல்லாத முழு இரட்டையைக் கணினியே உண்டாக்கிவிடும்; 622 இல் ஒன்றிணைத்தாலும் இரட்டைத் துணைகள் சராசரியாகி அதே விளைவுதான். இரட்டைப் பளிங்கு சாத்தியமாகும் அதே கூட்டங்களில்தான் இந்த மயக்கமும் உண்டாகும். ஆயிரக்கணக்கான நுண்பளிங்குகளிலிருந்து ஒவ்வொரு படமாகச் சேர்க்கும் தொடர் அளவீடுகளில் இது பெருந்தொல்லையாக இருந்தது. பிறெம், டீடெறிக்ஸ் இருவரும் 2014 இல் தந்த முறை, படங்களுக்கிடையிலான இணைபைக் கொண்டே அவற்றை இரண்டு குழுக்களாகப் பிரித்து அத்தொல்லையைத் தீர்த்தது. தானியங்கி மென்பொருள்களை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் அவை தெரிவுசெய்த சமச்சீரை இறுதித் தீர்ப்பாகக் கொள்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்களுக்கு இது நல்ல செய்தி. பகுதியளவான இரட்டை, முழு இரட்டை மறைப்பதை மறைக்க முடியாது. முதற் பளிங்கில் 622 இன் ஒவ்வோர் இருமடி அச்சையும் தனித்தனியாக எடுத்து, அது தொடர்புபடுத்தும் தெறிப்புச் சோடிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். உண்மையான செயலி அளவீட்டுப் பிழை அளவுக்கே வேறுபாட்டைக் காட்டும். இரட்டைச் செயலி அதைவிட மிகக் கூடிய வேறுபாட்டைக் காட்டும். யேற்ஸ் 1988 இல் தந்த எச் சோதனையும் இதுதான்: சோடியின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்துச் சராசரி எடுத்து, அரையிலிருந்து கழித்தால் இரட்டைப் பங்கு கிடைக்கும்.

நல்லூர்மாலை

செய்து பார்த்தேன். சீ அச்சு வழியான இருமடிச் சுழற்சியில் சோடிகள் 5 சதவீத வேறுபாட்டுக்குள் ஒத்துப்போகின்றன. ஏ-பீ தளத்திலுள்ள இரு வகை இருமடி அச்சுகளும் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் காட்டுகின்றன. அவற்றுக்கான எச் சராசரி 0.35, எனவே இரட்டைப் பங்கு 0.15. இரண்டாம் பளிங்கும் அவ்வாறே. ஆகவே பி 6₂ அல்லது பி 6₄ என்று முடிவு செய்யலாமா?

வடமராட்சியான்

அவசரம் வேண்டாம். சீ அச்சு வழியான இருமடியும் பொய்யாக இருக்கலாமே? உண்மையான கூட்டம் பி 3₁ ஆக இருந்து, சீ அச்சைச் சுற்றி முழு இரட்டையும் தளத்து அச்சில் பகுதி இரட்டையுமாக நான்கு பகுதிகள் கலந்திருந்தால், ஒப்பீடு உங்களுக்கு இதே விடையைத்தான் காட்டும். நாற்பகுதி இரட்டைகள் பி 3 வகைக் கூட்டங்களில் அரிதான விநோதம் அல்ல.

ஆனால் இதைத் தீர்க்கும் எண்ணை நீங்களே தந்துவிட்டீர்கள். அப்படி நான்கு பகுதிகள் இருந்தால் பங்குகள் 0.425, 0.425, 0.075, 0.075 ஆக வேண்டும். வர்க்கங்களைக் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் 1.37 வரும். இரண்டு பகுதிகள் மட்டும், 0.85 உம் 0.15 உமாக இருந்தால் 1.745 வரும். நீங்கள் அளந்தது 1.74. எல் சராசரியையும் 0.15 பங்குக்குக் கணக்கிட்டால் 0.42 அளவில்தான் நிற்கிறது. ஒன்றுக்கொன்று சார்பற்ற மூன்று சோதனைகள் ஒரே பங்கைச் சொல்கின்றன.

ஓர் எச்சரிக்கை மட்டும் மிச்சம். மூலக்கூற்றுச் சோடியின் உள் இருமடி அச்சு, இரட்டைச் செயலிக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக நின்றால், இரட்டை இல்லாமலே சோடித் தெறிப்புகள் ஓரளவு ஒத்திருக்கும். அப்போது எச் சோதனை பங்கைக் கூட்டிச் சொல்லும், எல் சோதனை குறைத்துச் சொல்லும். உங்கள் விடயத்தில் இரண்டும் பொருந்துவதால் அந்த ஐயமும் விலகுகிறது. கூட்டம் 6 தான் என்று நானும் ஏற்கிறேன்.

நல்லூர்மாலை

மிக்க நன்றி. முதற் பளிங்கின் தரவை மட்டும் கொண்டு இரண்டு கூட்டங்களிலும் மூலக்கூற்றுப் பதிலீடு செய்தேன். பி 6₄ இல் ஓர் உபஅலகு எதனுடனும் மோதாமல் அமர்ந்தது, மதிப்பெண்ணும் பி 6₂ ஐவிட மிக உயர்ந்தது. அத்துடன், சீ அச்சின் இருமடி வழியாக அயல் உபஅலகைப் பிறப்பித்தபோது, புரதச் சங்கிலி இழைகளாலான பட்டை அடுக்குகள் இரண்டும் இணைந்து பன்னிரண்டு இழை கொண்ட ஒரே விரிப்பாகும் வழமையான லெக்டின் இருபகுதியம் தானாகவே தோன்றியது. கொன்கனவலின் ஏ அமிலப் பக்கத்தில் இருபகுதியமாகவும் நடுநிலைக்கு மேல் நாற்பகுதியமாகவும் இருப்பதால், பிஎச் 5 க்கு இது பொருத்தமாகவும் உள்ளது.

இனி, செறிவுகளிலிருந்து இரட்டைத்தன்மையைக் கழித்துவிட்டுச் சாதாரண தரவைப் போல் அதற்கு மாதிரியைப் பொருத்திச் செம்மையாக்கலாமா?

கதிர்வலை

கழித்தல் கணிதரீதியாக எளிது: இரண்டு தெரியாக் கணியங்கள், இரண்டு சமன்பாடுகள். ஆனால் விடையை, ஒன்றிலிருந்து பங்கின் இருமடங்கைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டியிருக்கிறது. பங்கு 0.15 ஆயின் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 1.2 மடங்காகும், தாங்கலாம், 0.45 ஆயின் 7 மடங்காகும், 0.5 இல் வகுக்கவே முடியாது. உங்கள் பங்கு சிறியதானாலும் நான் கழிக்கச் சொல்ல மாட்டேன். அளந்த தரவை அப்படியே வைத்துக்கொண்டு, மாதிரியிலிருந்து கணிக்கும் செறிவுகளை இரட்டையாக்கி அளந்தவற்றுடன் ஒப்பிடுவதே சரியான வழி. ரெஃப்மாக், பீனிக்ஸ், ஷெல்எக்ஸ்-எல் ஆகிய மென்பொருள்கள் மூன்றும் இரட்டைப் பங்கையும் சேர்த்தே செம்மையாக்கும். முழு இரட்டையிலும் இவ்வழி செல்லும். பிளாஸ்ரோசயனின் என்ற புரதத்தின் அமைப்பை அரைக்கு அரை இரட்டையான பளிங்கிலிருந்து றெடின்போவும் யேற்சும் 1993 இலேயே தீர்த்திருக்கிறார்கள். 1996 இல் லாண்டோவும் றோசன்புஷும் கொழுப்புக் கனநிலையில் வளர்த்துக் காட்டியபின் பக்டீரியோறொடொப்சின் என்ற சவ்வுப் புரதத்துக்குக் கிடைத்த பி 6₃ பளிங்குகளும் பெரும்பாலும் இரட்டைகளே. ஆயினும் 1999 இல் 1.55 ஆங்ஸ்ட்ரொம் வரை அந்த அமைப்பு தெளிவாக்கப்பட்டது.

நான் அஞ்சுவது வேறொன்றை. இரட்டைச் செம்மையாக்கலை இயக்கியவுடன் ஆர் காரணி (மாதிரிக்கும் தரவுக்கும் இடையிலான பொருந்தாமை) விழும். அதைக் கண்டு மகிழ வேண்டாம். அணுக்களை எழுந்தமானமாகத் தூவிய மாதிரிக்குச் சாதாரண தரவில் ஆர் காரணி 0.59 அளவிலிருக்கும், முழு இரட்டையில் அதே குப்பை மாதிரிக்கு அது 0.4 அளவுதான். பரம்பல் சுருங்கிய எண்களைப் பொருத்துவது எப்போதும் எளிது. ஆகவே இரட்டையாக்கிய ஆர் காரணியையும் ஆக்காததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இரட்டைத்தன்மையை நிறுவ முயலும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

சர்க்கரையைப் பற்றிய உங்கள் முதற்கேள்விக்கும் இங்கேதான் விடை. இலத்திரன் அடர்த்திப் படம் வரைவதற்கு, அளந்த செறிவை இரு பகுதிகளுக்கும் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டை மாதிரியே செய்கிறது. மாதிரியில் வைத்தது படத்தில் திரும்பித் தோன்றும் சாய்வு, சாதாரண பளிங்கைவிட இங்கே கூடுதல். எனவே சர்க்கரையை வைத்துவிட்டு அது பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள். அதை மட்டுமல்ல, லெக்டினின் கல்சியம், மங்கனீசு அயன்கள் இரண்டையும் மாதிரியிலிருந்து நீக்கிவிட்டுச் செம்மையாக்கி, வேறுபாட்டுப் படத்தை (தரவில் இருந்தும் மாதிரியில் இல்லாததைக் காட்டுவதை) பாருங்கள். அயன்கள் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் மிக உயர்ந்த உச்சங்களாக எழும்பினால் அவத்தைகளை (அளவீட்டில் கிடைக்காமல் மாதிரியிலிருந்து எடுத்த அலைக் கட்டங்களை) நம்பலாம். அவை எழும்பாத படத்தில் சர்க்கரையைக் கண்டதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

திரவநைதரசன்

கணக்குகளுக்கு நடுவில் குறுக்கிடுகிறேன். தட்டில் பளிங்குகள் மிச்சமிருந்தால், பெரியவற்றை விட்டுச் சிறியவற்றை அனுப்புங்கள். நுண்கற்றை கிடைத்தால் ஒரே பளிங்கின் வெவ்வேறு முனைகளைத் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரட்டைப் பகுதிகள் பெரிதாயின் ஒரு முனை தூயதாக இருக்கக்கூடும். வளர்ச்சியை மெதுவாக்குவது, வித்திடுவது, வெப்பநிலையைச் சற்று மாற்றுவது, சிறிதளவு டையொக்சேன் சேர்ப்பது ஆகியன சில புரதங்களுக்கு உதவியிருக்கின்றன. எது உதவும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதி எதுவும் கிடையாது.

கொக்குவில் பௌதிகம்

எனக்கு எழும் ஐயம் இது: இரண்டாம் பளிங்கின் தரவை வீசிவிடத்தான் வேண்டுமா? தெறிப்புச் சுட்டிகளில் எச்சையும் கேயையும் இடம்மாற்றி எல்லின் குறியை மாற்றினால் இரண்டும் ஒரே பெயரிடலுக்கு வந்துவிடுமல்லவா?

கதிர்வலை

வரும், சேர். அப்படி மாற்றிச் சேர்த்தால், சேர்த்த தரவின் பங்கும் 0.15 அளவிலேயே நிற்கும். ஆனால் முதற் பளிங்கின் தரவு ஏற்கெனவே முழுமையாக இருப்பதால், இரண்டாவதைத் தனியாக வைத்துச் சாட்சியாகப் பயன்படுத்துவதையே நான் விரும்புவேன்: ஒன்றில் கண்ட சர்க்கரை மற்றையதன் படத்திலும் அதே இடத்தில் எழும்புகிறதா என்று கேட்கலாம்.

நல்லூர்மாலை

அயன்களையும் சர்க்கரையையும் நீக்கிச் செம்மையாக்கினேன். வேறுபாட்டுப் படத்தின் முதலிரண்டு உச்சங்களும் மங்கனீசும் கல்சியமும் இருக்க வேண்டிய இடங்களிலேயே உள்ளன. சர்க்கரையின் வளையம் கட்டும் குழியில் தெளிவாகத் தெரிகிறது. அதன் வெளிப்புறக் கிளை மட்டும் மங்கலாக உள்ளது. இரண்டாம் பளிங்கிலும் வளையம் அதே இடத்தில் எழும்புகிறது, வெளிக்கிளை அங்கேயும் தெரியவில்லை. ஆகவே வளையத்தை மட்டும் மாதிரியில் வைக்கிறேன். ஆர் காரணி 0.19, சோதனைக்காக ஒதுக்கிய தெறிப்புகளுக்கான சுயாதீன ஆர் 0.23. இந்தச் சுயாதீன ஆரை அப்படியே நம்பலாமா?

வடமராட்சியான்

சோதனைக்காக ஒதுக்கிய தெறிப்புகளை எந்தச் சமச்சீரில் தெரிவுசெய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 6 இல் தெரிவுசெய்திருந்தால், ஒரு தெறிப்பு ஒதுக்கப்பட்ட தொகுதியிலும் அதன் இரட்டைத் துணை செம்மையாக்கும் தொகுதியிலும் விழுந்திருக்கும். துணையின் செறிவில் இதன் 15 சதவீதம் கலந்திருப்பதால் ஒதுக்கியது உண்மையில் ஒதுக்கியதாகாது. சுயாதீன ஆர் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். 622 இல் தெரிவுசெய்து 6 க்கு விரித்தால் துணைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் விழும். அவ்வாறு மீண்டும் ஒதுக்கி, பழைய தெரிவின் நினைவு அகல அணுக்களைச் சற்றுக் குலைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து செம்மையாக்குங்கள். புரத அமைப்பு வைப்பகத்தில் சேர்க்கும்போது இரட்டைச் செயலியையும் பங்கையும் குறிப்பிடுவதோடு, இரு பளிங்குகளின் ஒன்றிணைக்கப்படாத செறிவுகளையும் சேர்த்து வையுங்கள்.